பாவிச்ச ட்ரக்டர் எடுக்கப் போறீங்களா? எஞ்சினை விட பின்பக்கத்தை வடிவா பாருங்க

கொஞ்சம் காசு சேந்திருக்கு, அஞ்சாறு ஏக்கர் வயல் சொந்தமா இருக்கு, ஒவ்வொரு போகமும் ஆக்கள்ட மெசினுக்குப் பின்னால அலைஞ்சு அலைஞ்சு விதைப்பு பிந்துது, சொந்தமா ஒண்டு எடுத்தா எங்கட வேலையும் முடியும் வெளி உழவும் புடிக்கலாம் எண்டு யோசிக்கிற தம்பிமாருக்குத்தான் இதை எழுதுறன். நான் திருகோணமலை மாவட்டத்துல தம்பலகாமத்துப் பக்கம், பெரிய மெசினோட, அதாவது நாலு சில்லு ட்ரக்டரோட, பழக்கம் 20 வருசத்துக்குக் கிட்ட, இதுவரைக்கும் மூணு மெசின் மாத்தியிருக்கன், மூணுமே பாவிச்சதுதான், புது மெசின் எடுத்த அனுபவம் எனக்கு இல்ல.

எல்லாத்துக்கும் முன்னம் ஒண்டு சொல்லிர்றன். மெசின் பாக்கப் போற எல்லாரும் எஞ்சினைத்தான் பாக்குறாங்க, ஸ்டார்ட் பண்ணி புகை பாத்து சத்தம் கேட்டு சரி எண்டு அட்வான்ஸ் குடுத்துட்டு வாறாங்க. ஆனா நெல்லு வயல் தின்னுறது எஞ்சினை இல்ல, சீட்டுக்குக் கீழ இருக்கிற பின்பக்கத்தை. கியர் பொக்ஸ், டிபரன்சல், பிறேக், கலப்பை தூக்குற லிஃப்ட். எஞ்சின் போனா செய்யலாம், சாமான் கடையில கிட் கிடைக்கும், மெசின் திருத்துற பாஸ்மாரும் ஊருக்கு ஊர் இருக்காங்க. பின்பக்கம் போனா கன நேரம் மெசினை ரெண்டாப் பிரிக்க வேண்டி வரும், போகத்துக்கு நடுவுல பிரிச்சா அந்தப் போகம் போயிரும். அதால நான் சொல்லப்போறதுல பெரிய பங்கு அந்தப் பின்பக்கத்தைப் பத்தித்தான் இருக்கும்.

முதல் வேலை: கொப்பி எடுத்து வேலையை எழுதுங்க

மெசின் பாக்கப் போக முன்னம் ஒரு கொப்பியில எழுதுங்க, உங்கட சொந்த வயல் எத்தின ஏக்கர், சுத்தி இருக்கிற எத்தின பேர் உங்களுக்கு உழவு தருவாங்க, அது என்ன மண், பின்னால பெட்டி (ட்ரெய்லர்) பூட்டி ஓடுற வேலை எவ்வளவு கிடைக்கும் எண்டு. இதை எழுதாம போனா கடைசில கண்ணுக்கு வடிவா இருக்கிற மெசினைத்தான் எடுத்துட்டு வருவீங்க.

கணக்கு இப்படித்தான். 6 அடி ரொட்டவேட்டர் (சுத்திச் சுத்தி மண்ணைக் கிளறுற கலப்பை) ஒண்டை நடந்து போற வேகத்துல அடிச்சா ஒரு ஏக்கர் ஒரு தரம் அடிக்க ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும். மூலையில திருப்புறது, வயல் விட்டு வயல் போறது, சாப்பாடு, டீசல் எடுக்கப் போறது எல்லாம் கழிச்சா ஒரு நாளைக்கு 7, 8 ஏக்கர் வரும். பயிர்ச்செய்கைக் கூட்டத்துல தண்ணி திறக்கிற திகதி சொன்னதும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல உழவு வேணும், ஒரு பகுதியில அந்த அவசரம் மூணு கிழமைக்கு மேல நிக்காது. அந்த மூணு கிழமையில நாலு நாள் மெசின் கராஜில நிண்டா 30 ஏக்கர் போச்சு, கூலி மட்டும் இல்ல, உங்களை நம்பி நிண்ட ஆள் அடுத்த போகம் வேற மெசினைக் கூப்பிடுவார். அதால வெளி வேலைக்கு எடுக்கிற மெசினுக்கு வலு எவ்வளவு எண்டுறதை விட முக்கியம் நிக்காம ஓடுமா எண்டுறதுதான். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்ல எண்டு நான் சொல்லுறது இதுக்காகத்தான்.

மண்ணையும் எழுதச் சொன்னன். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் களி வயல், சில இடத்துல முழங்கால் வரைக்கும் புதையும், அங்க பாரமான மெசின் இறங்கினா ஏறாது, கேஜ் வீல் எண்டுற இரும்புக் கூட்டுச் சில்லு பூட்டித்தான் ஓடணும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்யிற மணல் பூமிக்கு அவ்வளவு வலு தேவையில்ல, சின்ன மெசினே காணும். மொறவெவ, கோமரங்கடவலப் பக்கம் மேட்டுக்காணி, புழுதியில கொத்துக் கலப்பை போடுறது கூட, அங்க கல்லும் வேரும் இருக்கும், லிஃப்டும் கலப்பை பூட்டுற கையும் அடி வாங்கும். நீங்க எந்தப் பக்கம் வேலை புடிக்கப் போறீங்களோ அந்தப் பக்கத்து வயல்ல ஏற்கனவே என்ன மெசின் ஓடுது எண்டு ஒரு நாள் வரம்புல நிண்டு பாருங்க, ஓடுற ஆக்களோட கதையுங்க, மறைக்க மாட்டாங்க.

எந்த மெசின்

இதுல ஆளுக்கு ஒரு கதை. நான் என்ட கதையைச் சொல்லுறன்.

மெசி (மெசி பேர்குசன்) 135, 240 ரெண்டும் பழசு, ஆனா எங்கட பக்கம் அதைக் கழட்டிப் பூட்டத் தெரியாத பாஸ் இல்ல. 135 வந்தது 1964ல, இங்கிலாந்து மெசின், மூணு சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின். அதே குடும்பத்துச் சாமான்தான் பிறகு இந்தியாவில டஃபே மெசின்லயும் வந்தது, அதால ஒரு ஓயில் சீல், ஒரு பிறேக் லைனிங் எண்டு போனா அண்டைக்கே கைக்கு வரும். மகிந்திரா 475, 575 நாலு சிலிண்டர், பெட்டி இழுக்க நல்லா இருக்கும், சாமானும் கிடைக்குது. குபோட்டா எல் வகை மெசின் எடை குறைவு, நாலு சில்லும் இழுக்கும், புதையிற வயலுக்கு அதைப்போல வராது, ஆனா முன் சில்லுக்குப் போற கியர் கேசுல சீல் போயிருந்தா செலவு கூட, சாமான் விலையும் கூட.

புதுசா வாறவங்களுக்கு நான் சொல்லுறது, முதல் மெசின் உங்கட ஊர்ல எது கூட ஓடுதோ அதே மெசினா இருக்கட்டும். விதைப்பு நேரம் பக்கத்து வயல்காரர்ட்ட ஒரு நொசில் கடன் கேக்கலாம், அவர்ட பாஸே உங்களுக்கும் வருவார். சனம் அதிகம் பாவிக்காத மெசின் விலை குறைவாக் கிடைக்குது எண்டு எடுத்து, ஒரு கிளச் பிளேட்டுக்கு கொழும்புக்கு ஆள் அனுப்பிக் காத்திருந்தவங்களை எனக்குத் தெரியும்.

45 தொடங்கி 50 குதிரை வலு வரைக்கும் கலப்பு வேலைக்குச் சரி. அதுக்குக் குறைஞ்சா 6 அடி ரொட்டவேட்டரைக் களியில இழுக்க மூச்சு வாங்கும், கூடினா டீசல் குடிக்கும்.

பாக்கப் போற நாள்

விடியவே போங்க. வாறன் எண்டு சொல்லிட்டுப் போனா மெசினை முதலே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருப்பாங்க, சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைச்சுப் போடும். போனதும் வேற ஒண்டும் செய்ய முன்னம் எஞ்சின் பிளொக்கில கையை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா "அண்ணன், பின்னேரம் வாறன், ஆற விடுங்க" எண்டு மரியாதையாச் சொல்லிட்டு வாங்க. ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க, கோவிச்சா அதுலயே விளங்கும்.

ரேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணியில எண்ணெய் மிதக்குதா பாருங்க. எஞ்சின் ஓயில் டிப்ஸ்டிக்கை இழுத்து ஒரு வெள்ளைத் துணியில துடைச்சுப் பாருங்க, கறுப்பா இருந்தா பயமில்ல, பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி போகுது. பிறகு ஸ்டார்ட். எத்தின சுத்துல புடிக்குது எண்டு எண்ணுங்க. முதல்ல கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அஞ்சு நிமிசத்துல நிண்டா சரி, நீலப் புகை நிக்காம வந்தா ஓயில் எரியுது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஓயில் ஊத்துற மூடியைக் கழட்டி மேல வைங்க, மூடி துள்ளினா, புகை பக்கு பக்கு எண்டு வந்தா ரிங்கும் போரும் தேஞ்சிருக்கு, பாஸ்மார் பேக் கொம்பிறசன் எண்டுறது இதைத்தான். ரேடியேற்றர் தண்ணியில முட்டை முட்டையா காத்து வந்தா ஹெட் கேஸ்கட். இவ்வளவுதான் எஞ்சினுக்கு. குறை இருந்தா எழுதிக்கொள்ளுங்க, விலையில பிறகு கதைக்கலாம், இதுக்காக மெசினை விட்டுட்டு வரத் தேவையில்ல.

மணித்தியாலம் காட்டுற மீட்டரை நம்பிக் கணக்குப் போடாதீங்க. பழைய மெசின்ல அந்த மீட்டர் எஞ்சின் சுத்துற சுத்துக்குத்தான் ஓடும், மெதுவா ஓடின மணித்தியாலம் முழுசா விழாது, அதோட கேபிள் அறுந்து வருசக்கணக்கா நிண்டிருக்கும். மீட்டரை விட கிளச் பெடல், பிறேக் பெடல், கால் வைக்கிற தட்டு இதெல்லாம் உண்மை சொல்லும். மீட்டர்ல 3000 காட்டுது, பெடல்ல வரி ஒண்டும் இல்லாம வழுவழு எண்டு தேஞ்சிருக்கு எண்டா பெடலை நம்புங்க.

பின்பக்கம்

இங்கதான் நேரம் எடுங்க, ஒரு மணித்தியாலம் போனாலும் போகட்டும்.

2013ல நான் ரெண்டாவது மெசின் எடுக்கத் திரிஞ்ச நேரம், மூதூர்ப் பக்கம் ஒரு 240 இருக்கு எண்டு கேள்விப்பட்டுப் போனன். புதுசா சிவப்புப் பெயின்ட் அடிச்சு, ரயர் கறுப்புப் பொலிஸ் போட்டு, ஸ்டார்ட் பண்ணினா ஒரே சுத்துல புடிக்குது, புகையும் இல்ல. எனக்கு மனசு விழுந்திட்டு. நல்ல காலத்துக்கு கிண்ணியாவில இருந்து ஒரு பாஸையும் கூட்டிட்டுப் போயிருந்தன், நான் காக்கா எண்டுதான் கூப்பிடுறது, வயசு அப்பவே 60க்கு மேல. அவர் எஞ்சின் பக்கம் போகவே இல்ல. நேரா மெசினுக்குக் கீழ சாக்கை விரிச்சுப் படுத்து, "நேத்து ராவு மெசின் ஓடினதா?" எண்டு கேட்டார். ஓடல்ல எண்டு சொன்னாங்க. ஒரு தண்ணிப் போத்தலைப் பாதியா வெட்டிக் கையில வச்சுக்கொண்டு பின்பக்கத்து ட்ரெயின் நட்டை ஸ்பனரால கொஞ்சமாத் தளத்தினார், கழட்டேல்ல, தளத்தினது மட்டும்தான். எண்ணெய் வரும் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்கன், வந்தது தண்ணி. துருப் புடிச்ச சிவப்புத் தண்ணி, அரைக் கப் அளவுக்குச் சொட்டுச் சொட்டா வந்து, அதுக்குப் பிறகுதான் எண்ணெய் வருது, அதுவும் பால் தேத்தண்ணி நிறத்துல. காக்கா ரெண்டு விரலால தொட்டு உரசி வெயிலுக்குப் புடிச்சார், சீலையில சரிகை மினுங்குற மாதிரி பொடிப் பொடியா இரும்பு மினுங்குது. நட்டை இறுக்கிட்டு எழும்பி, "மகன், இது பெயின்ட்டுக்குக் குடுக்கிற காசு" எண்டார். அவ்வளவுதான் கதை.

இந்த ஒரு சோதனையை எல்லாரும் செய்யணும். எண்ணெயை விடத் தண்ணி பாரம், ராவு முழுக்க மெசின் அசையாம நிண்டா தண்ணி அடியில தங்கிரும், அதால நட்டைத் தளத்தினா முதல்ல வாறது அதுதான். ஓடிட்டு வந்த உடனே தளத்தினா கலந்து போய் தெரியாது. விக்கிறவர்ட்ட முதலே அனுமதி கேளுங்க, ஒரு போத்தல் எண்ணெய் நான் தாறன் எண்டு கையோட கொண்டு போங்க. விட மாட்டன் எண்டு சொன்னா டிப்ஸ்டிக்கை எண்டாலும் இழுத்துப் பாருங்க, பால் நிறம் இருந்தா தெரியும்.

ஏன் இவ்வளவு முக்கியம் எண்டா, சேத்துல ஓடுற மெசினுக்கு அச்சு வரைக்கும் தண்ணி நிக்குது, அச்சுல இருக்கிற சீல் கொஞ்சம் தேஞ்சாலும் சேறும் தண்ணியும் உள்ள போகும். மெசியில கியர் பொக்ஸ், டிபரன்சல், லிஃப்ட் எல்லாத்துக்கும் ஒரே எண்ணெய்தான், லிஃப்ட் பம்மும் அந்த எண்ணெய்க்குள்ளயே இருக்கு. அதால தண்ணி போனா பெயாரிங்கும் போகும், பம்மும் போகும், ஒண்டு போய் மற்றது மிஞ்சாது.

அடுத்தது பின் சில்லுக்கு உள்பக்கம் குனிஞ்சு பாருங்க, பிறேக் ட்ரம் பக்கம் எண்ணெய் வழிஞ்ச அடையாளம் இருந்தா அச்சு சீல் போய் பிறேக் லைனிங் எண்ணெய் குடிச்சிருக்கு. வெளிய கழுவியிருப்பாங்க, சில்லுக்கு உள்பக்கம் கழுவ மறந்திருப்பாங்க. பிறகு ஓடிப் பாக்கும்போது பிறேக் பெடல் ரெண்டையும் பிரிச்சு, இடப்பக்கம் தனியா வலப்பக்கம் தனியா மிதியுங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிப் புடிக்கணும். வயல்ல திருப்புறதுக்கு ஒத்தைப் பிறேக்தான் உயிர், ரோட்டில பெட்டியோட போகும்போது ரெண்டையும் கொளுவிறது கட்டாயம், அந்தக் கொளுக்கி இருக்கா எண்டும் பாருங்க, கன மெசின்ல அது இல்ல.

லிஃப்ட்டுக்கு வெறுமனே கலப்பை பூட்டுற கையைத் தூக்கிப் பாத்துட்டு வராதீங்க. ரொட்டவேட்டரைப் பூட்டச் சொல்லுங்க. தூக்கி, அரை உயரத்துல நிப்பாட்டி, எஞ்சினை நிப்பாட்டுங்க. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாருங்க. கொஞ்சம் இறங்கினா பழசுக்கு அது சரி, நிலத்துல குந்திட்டா உள்ள பிஸ்டன் ரிங்கோ வால்வோ போயிருக்கு. எஞ்சின் ஓடும்போது லிஃப்ட் நிண்ட இடத்துல நிக்காம துள்ளித் துள்ளி ஆடினாலும் அதே வருத்தம்தான். மெசியில லிஃப்ட் தூக்கவே இல்லையெண்டா பயப்பட முன்னம் பி.ரி.ஓ (ரொட்டவேட்டரைச் சுத்துற தண்டு) லீவர் போட்டிருக்கா பாருங்க, அந்த பம் பி.ரி.ஓ தண்டுலதான் சுத்துது, லீவர் போடாட்டித் தூக்காது. இதைத் தெரியாம நல்ல மெசினை விட்டுட்டு வந்தவங்களும் இருக்காங்க.

கிளச் ரெட்டைக் கிளச்சா எண்டு கேளுங்க. பாதி மிதிச்சா மெசின் நிக்கணும், ரொட்டவேட்டர் சுத்திக்கொண்டே இருக்கணும், முழுக்க மிதிச்சா ரெண்டும் நிக்கணும். களி வயல்ல திருப்பத்துல இது இல்லாட்டிக் கஷ்டம். அதுக்குப் பிறகு பெட்டியில பாரத்தோட ஒரு மேடு ஏத்தி, இறக்கத்துல அக்சிலேற்றரை விட்டுப் பாருங்க, கியர் தானாக் கழண்டு விழுந்தா உள்ள பல்லு தேஞ்சிருக்கு. வெறும் மெசினை முத்தத்துல ஓட்டிப் பாத்தா இது ஒரு நாளும் தெரியாது.

முன் அச்சு, ரயர், வெல்டிங்

முன்பக்கத்தை ஜாக்கில தூக்கி சில்லை ஆட்டிப் பாருங்க, நடுப்பின், கிங் பின் ஆட்டம் தெரியும், புஷ் மாத்துறது பெரிய செலவு இல்ல. மண் தள்ளுற பிளேட் முன்னால பூட்டி ஓடின மெசின் எண்டா முன் அச்சை நல்லாப் பாருங்க, வெடிப்பு இருக்கும். பின் ரயர்ல வாரப் பல்லு எவ்வளவு மிச்சம் எண்டு மட்டும் பாக்காம, பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டும் கிழமை, கடைசி ரெண்டும் வருசம், 1214 எண்டா 2014ம் வருசம் 12வது கிழமை. பல்லு இருந்தும் பழசான ரயர் வெயிலுக்கு வெடிச்சுப் போயிருக்கும். ஒரு சோடி பின் ரயர் இண்டைக்கு என்ன விலை எண்டு கடையில கேட்டுட்டுப் போங்க, பேரம் பேசும்போது தேவைப்படும்.

வெல்டிங் இருக்கா எண்டு பெட்டி கொளுவுற இடத்துலயும் கியர் பொக்ஸ் எஞ்சினோட சேருற இடத்துலயும் கையால தடவிப் பாருங்க. பெயின்ட் கண்ணை மறைக்கும், விரலை மறைக்காது. பெட்டி வேலைக்குப் போன மெசின்லதான் இது கூட. ஒரு கியூப் மண் எண்டா 100 கன அடி, காஞ்ச மண்ணே 4 தொன்னுக்கு மேல வரும், ஈர மண் இன்னும் கூட. அதை வருசக்கணக்கா இழுத்த மெசின்ட பிறேக்கும் கிளச்சும் எப்படி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

எங்கட கடற்கரை, எங்கட வெள்ளம்

இது வேற மாவட்டத்துக்காரர் சொல்ல மாட்டாங்க. கடற்கரைக் கிராமத்துல இருந்து ஒரு மெசின் வருது எண்டா கரைவலை (கரையில நிண்டு இழுக்கிற மீன் வலை) இழுத்ததா எண்டு கேளுங்க. உப்புத்தண்ணியும் மணலும் சேந்து தின்னுற வேகம் சேத்தை விட மோசம். சில்லு றிம்மை உள்பக்கம் சுரண்டிப் பாருங்க, துரு தகடு தகடாக் கழண்டா, சில்லு நட்டெல்லாம் மொழுக்கையாப் போயிருந்தா, பின்னால வின்ச் பூட்டின ஓட்டை புதுசா மூடியிருந்தா அந்த மெசின் கடலுக்குப் போயிருக்கு. கரைவலை இழுக்கிறவங்களை நான் குறை சொல்லல்ல, அவங்கட உழைப்பு அது, ஆனா அந்த மெசினை வயல் மெசின் விலைக்கு எடுக்காதீங்க.

மற்றது வெள்ளத்துல நிண்ட மெசின். மகாவலி பெருகினா வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா எல்லாம் தண்ணிக்குள்ள, 2025 நவம்பர் கடைசில டித்வா புயலோட வந்த வெள்ளத்துல பட்ட பாட்டை நாங்க எல்லாரும் பாத்தம். அப்படி நிண்ட மெசினைக் கழுவிப் பெயின்ட் அடிச்சு விக்கிறாங்க. மீட்டர் கண்ணாடிக்கு உள்ள சேத்துக் கோடு, பட்டரிப் பெட்டிக்கு அடியில படிஞ்ச வண்டல், ஸ்டார்ட்டர் மோட்டர் மட்டும் புதுசா இருக்கிறது, இந்த மூணையும் தேடுங்க. விக்கிறவர் மறைக்காம "தண்ணிக்குள்ள நிண்டதுதான், எல்லா எண்ணெயும் மாத்திட்டன்" எண்டு சொன்னா அவரை நம்பி எடுக்கலாம், விலையைக் குறைச்சு. பாவம், அவருக்கும் அந்த வெள்ளம் நட்டம்தானே.

பேப்பர்

மெசின் எவ்வளவு நல்லா இருந்தாலும் பேப்பர் சரியில்லாட்டித் தொடாதீங்க. இதுல நான் கடுமையாத்தான் சொல்லுவன்.

ஒரிஜினல் சி.ஆர் (வாகனப் பதிவு) புத்தகத்தைக் கையில வாங்கிப் பாருங்க, போட்டோ கொப்பி இல்ல. அதுல முழு உரிமையாளர் எண்டு ஒரு லீசிங் கொம்பனிட பேர் இருந்தா கடன் இன்னும் முடியல்ல, இல்லாட்டி முடிஞ்சும் பேர் எடுக்கல்ல. ரெண்டுல எது எண்டு விக்கிறவர் வாயால சொல்லுறது காணாது, அவரோட நீங்களும் சேந்து அந்தக் கொம்பனிக் கிளைக்குப் போய்க் கேளுங்க. என்ட மச்சான் ஒருத்தர் கடன் இருக்கிறது தெரியாம மெசின் எடுத்து, ரெண்டு போகம் ஓடினதுக்குப் பிறகு ஒரு நாள் விடிய வந்து முத்தத்துல இருந்து தூக்கிட்டுப் போனாங்க. காசு வாங்கினவர் அப்ப ஊர்லயே இல்ல. மச்சான் அதுல இருந்து எழும்ப நாலு வருசம் போச்சு, நகை எல்லாம் அடகுல.

எஞ்சின் நம்பர், செசி நம்பர் ரெண்டையும் சி.ஆரோட ஒப்பிடுங்க, பெயின்ட்டுக்குக் கீழ இருந்தா சுரண்டிப் பாருங்க, நம்பர் அடிச்ச இடம் கிறைண்டர் போட்ட மாதிரி இருந்தா வந்த வழிய திரும்புங்க. எஞ்சின் மாத்தியிருந்தா அது சி.ஆர்லயும் மாத்தியிருக்கணும். பெட்டிக்குத் தனி நம்பர், தனிப் புத்தகம், பெட்டியும் சேத்து எடுக்கிறீங்க எண்டா அதையும் கேளுங்க. வரி லைசனை பிரதேச செயலகத்துல எடுக்கிறது, எத்தின வருசம் எடுக்காம நிலுவை கிடக்குது எண்டு பாருங்க, அது உங்கட தலையில விழும்.

ஓப்பின் பேப்பர்ல எடுக்காதீங்க. கையெழுத்து மட்டும் வச்ச பேப்பர் நாலு கை மாறி உங்கட கைக்கு வரும், முதல் கையெழுத்து வச்ச ஆள் உயிரோட இருக்காரா எண்டே தெரியாது. கைமாறினா விக்கிறவர் 14 நாளுக்குள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கணும், அதைக் காசு குடுக்கிற அண்டே ரெண்டு பேரும் சேந்து செய்யுங்க. ஓட்டுறவர்ட லைசன்ல ஜி வகுப்பு இருக்கணும், ஜி1 எண்டுறது ரெண்டு சில்லு லாண்ட் மாஸ்டருக்கு மட்டும்தான். மண் ஏத்துற வேலைக்குப் போற எண்ணம் இருந்தா புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்து அனுமதி இல்லாம ஒரு பெட்டி கூட ஏத்தாதீங்க, புடிபட்டா மெசினோட சேத்துத்தான் நீதிமன்றத்துக்குப் போகும்.

விலை, அதுக்குப் பிறகு

செப்டம்பர், ஒக்டோபர்ல எல்லாரும் மெசின் தேடுவாங்க, விலை ஏறும். அறுவடை முடிஞ்சு மெசின் எல்லாம் சும்மா நிக்கிற கிழமைகள்ல பாருங்க. எழுதி வச்ச குறைகளை ஒவ்வொண்டா எடுத்து, பாஸ்ட்ட திருத்துற செலவு கேட்டு, அந்தக் கணக்கைக் காட்டித்தான் கதைக்கணும், சும்மா குறைங்க குறைங்க எண்டு நிண்டா ஒருத்தரும் குறைக்க மாட்டாங்க. அதோட மொத்தக் காசையும் மெசினுக்குக் குடுத்துடாதீங்க, அஞ்சுல ஒரு பங்கு கையில நிக்கட்டும், எடுத்த முதல் போகத்துல அது கட்டாயம் போகும்.

பாஸைக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு நாள் கூலி குடுங்க, விக்கிறவர்ட்ட கொமிசன் வாங்காத ஆளாப் பாருங்க. 2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முன்னம் பாதையில (தண்ணியைக் கடக்கிற மிதவையில) ஏத்தி இறக்கித்தான் அங்கால இங்கால போகணும், இப்ப அந்தக் கஷ்டம் இல்ல, தெரிஞ்ச பாஸ் ஒருத்தரை மாவட்டத்துல எங்கயும் கூட்டிட்டுப் போய் வரலாம்.

வீட்டுக்கு மெசின் வந்ததும் பூசை, துஆ எது உங்கட வழக்கமோ அதைச் செய்யுங்க, பிறகு வயலுக்கு இறக்க முன்னம் எல்லா எண்ணெயையும் மாத்துங்க, விக்கிறவர் மாத்திட்டன் எண்டு சொல்லியிருந்தாலும். எஞ்சின் ஓயில், கியர் ஓயில், ஓயில் பில்டர், டீசல் பில்டர். எயார் பில்டர் ஓயில் கப் வகை எண்டா கழட்டி மண்ணெண்ணையில கழுவி புது ஓயில் விடுங்க. ரேடியேற்றர் வைக்கோல் தூசியால அடைச்சிருக்கும், பின்பக்கத்துல இருந்து தண்ணி அடிச்சுக் கழுவுங்க. கிறீஸ் நிப்பிள் எத்தின இருக்கு எண்டு எண்ணிக் கொப்பியில எழுதி, ஒண்டும் விடாம அடிக்கணும், சேத்துல ஓடுற நாளையில தினமும் பின்னேரம் அடிக்கணும்.

முதல் அஞ்சு ஏக்கரும் உங்கட சொந்த வயலாவே இருக்கட்டும், வெளி வேலை ஒண்டும் ஒத்துக்கொள்ளாதீங்க. அது முடிஞ்ச அண்டு ராவு மெசினைச் சமமான இடத்துல நிப்பாட்டிட்டு, விடிய எழும்பி ஸ்டார்ட் பண்ண முன்னம் அந்த ட்ரெயின் நட்டை நீங்களே ஒரு தரம் தளத்திப் பாருங்க. எண்ணெய் மட்டும் வந்தா அண்டைக்கே வெளி உழவுக்குப் போகலாம். தண்ணி வந்தா அச்சு சீல் ரெண்டையும் மாத்திட்டுப் போங்க, சீல் மாத்த ஒரு நாள் போதும்.